பழி வாங்கப் பீர் காய்ச்சிய விஞ்ஞானி

ஒரு நாடு போரில் தோற்றது. தலைநகரை எதிரிப் படை சுற்றி வளைத்தது. உள்ளே இருந்த மக்கள் பசியால் வாடினார்கள். வெளியே இருந்து பீரங்கிக் குண்டுகள் வந்து விழுந்தன.

அந்த நாட்டில் ஒரு விஞ்ஞானி இருந்தார். வயது 48. பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் பாதி செயல் இழந்திருந்தன. அவரால் துப்பாக்கி தூக்க முடியாது. ஆனால் அவர் நெஞ்சு கொதித்தது. எப்படியாவது எதிரியைப் பழி வாங்க வேண்டும் என்று துடித்தார்.

அவர் என்ன செய்தார் தெரியுமா?

பீர் காய்ச்சத் தொடங்கினார்!

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் இது உண்மையாக நடந்தது. அந்த நாடு, பிரான்சு. எதிரி, ஜெர்மனி. அந்த விஞ்ஞானி, லூயி பாஸ்டர்.

வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டவர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்த அதே பாஸ்டர்தான். அவர் காய்ச்சிய பீர் எதிரியை வென்றதா? அதுதான் இந்தக் கதை.

தோல் பதனிடுபவரின் மகன்

பிரான்சு நாட்டின் கிழக்கே டோல் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பாஸ்டர் பிறந்தார்.

அவருடைய தந்தைக்குத் தோல் பதனிடும் தொழில். அதற்கு முன்பு அவர் நெப்போலியன் படையில் வீரராக இருந்தவர். வீரத்துக்காகப் பதக்கமும் பெற்றவர். நாட்டுப்பற்று அந்தக் குடும்பத்தின் சொத்து. பணம் மட்டும் குறைவு.

பாஸ்டர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் ஆர்புவா என்ற ஊருக்குக் குடியேறியது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். சிறுவன் படிப்பில் சுமார். படம் வரைவதில் கெட்டிக்காரன். தாயையும் தந்தையையும் வண்ணத்தில் அழகாகத் தீட்டினான்.

15 வயதில் அவனைப் படிப்பதற்காகப் பாரிசுக்கு அனுப்பினார்கள். அவனுக்கு வீட்டு ஏக்கம் வந்துவிட்டது. தந்தையே போய்த் திரும்ப அழைத்து வந்தார்.

ஆனால் வளர வளர அவரிடம் பிடிவாதம் வளர்ந்தது. 1842-ல் பாரிசில் உள்ள பெரிய ஆசிரியர் கல்லூரியில் சேரப் பரீட்சை எழுதினார். தேறினார். ஆனால் கிடைத்த இடம் சற்றுக் கீழே இருந்தது. அவர் சேர மறுத்துவிட்டார்! ஓர் ஆண்டு மேலும் படித்து, மறுபடி எழுதி, முன்வரிசையில் இடம் பிடித்த பிறகே சேர்ந்தார்.

ஸ்டிராஸ்பர்க் மாப்பிள்ளை

படிப்பு முடிந்தது. ஸ்டிராஸ்பர்க் நகரத்தில் ரசாயனப் பேராசிரியர் வேலை கிடைத்தது. இந்த நகரம் அல்சாஸ் என்ற மாநிலத்தின் தலைநகரம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

அங்கேதான் 1849-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் மாரி. பல்கலைக்கழகத் தலைவரின் மகள். கணவர் இரவும் பகலும் ஆராய்ச்சியில் மூழ்கிக் கிடப்பார். மாரி அம்மையார் முகம் சுளிக்கவில்லை. கணவர் சொல்லச் சொல்லக் குறிப்பு எழுதினார். கடைசி வரை அவருக்கு வலது கையாக இருந்தார்.

ஸ்டிராஸ்பர்க்கில் அவர்களுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன. ஜான், ஜான்-பாப்டிஸ்ட், செசில். அல்சாஸ் மண் பாஸ்டருக்கு இரண்டாவது தாய்வீடு ஆயிற்று.

புளித்த தொட்டி

1854-ல் பாஸ்டர் லில் நகரத்துக்கு மாற்றப்பட்டார். அது சாராய ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் எடுப்பார்கள்.

1856-ல் பிகோ என்ற ஆலை முதலாளி அவரைத் தேடி வந்தார். தம் ஆலையில் சில தொட்டிகளில் சாராயம் நன்றாக வருகிறது, சில தொட்டிகளில் புளித்துக் கெட்டுவிடுகிறது, காரணம் தெரியவில்லை என்று முறையிட்டார்.

பாஸ்டர் தொட்டிச் சாற்றில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நல்ல தொட்டியின் சொட்டில் உருண்டை உருண்டையாகச் சிறு மணிகள் இருந்தன. அவைதாம் ஈஸ்ட். கெட்ட தொட்டியின் சொட்டில் உருண்டைகள் குறைவு. மெல்லிய குச்சி போன்றவை நெளிந்தன.

அந்தக் காலத்து ரசாயன அறிஞர்கள் பலர், புளிப்பது என்பது வெறும் ரசாயன மாற்றம் என்று நினைத்திருந்தார்கள். பாஸ்டர் அதை மறுத்தார். புளிக்க வைப்பது உயிருள்ள கிருமி. ஒவ்வொரு வகைப் புளிப்புக்கும் ஒவ்வொரு கிருமி. நல்ல கிருமி வேலை செய்தால் நல்ல பொருள். வேண்டாத கிருமி புகுந்தால் பொருள் கெடும். இதை அவர் 1857-லிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மெய்ப்பித்துக் காட்டினார்.

இது நம் வீட்டு அடுப்படியிலும் நடப்பதுதான். இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறது. உறை ஊற்றிய பால் தயிராகிறது. எல்லாம் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் வேலை.

அன்னத்தின் கழுத்து

அந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? பொருள் கெட்டால் கிருமி தானாகவே பிறக்கிறது என்று சிலர் வாதாடினார்கள். இல்லை, காற்றில் உள்ள தூசியோடு வருகிறது என்றார் பாஸ்டர்.

அதைக் காட்ட ஒரு கண்ணாடிக் குடுவை செய்தார். அதன் கழுத்தை நெருப்பில் காட்டி, அன்னப்பறவையின் கழுத்தைப் போல நீட்டி வளைத்தார். உள்ளே சத்து நீரை ஊற்றிக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போகலாம். ஆனால் தூசி வளைந்த கழுத்திலேயே தங்கிவிடும்.

நாட்கள் சென்றன. மாதங்கள் சென்றன. குடுவையில் இருந்த நீர் கெடவே இல்லை! கழுத்தை உடைத்ததும் சில நாட்களில் கெட்டுப் போயிற்று.

வாதம் தீர்ந்தது. 1862-ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவருக்குப் பரிசு வழங்கியது.

பிறகு திராட்சை மது கெடுவதைத் தடுக்க வழி கண்டுபிடிக்கும்படி பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டார். பாஸ்டர் எளிய வழி ஒன்றைக் கண்டார். மதுவைப் புட்டியில் அடைத்து, 50 முதல் 60 டிகிரி வரை சிறிது நேரம் சூடு காட்டினால் போதும். கொதிக்க வைக்க வேண்டியதில்லை. கெடுக்கும் கிருமிகள் மடியும். சுவையும் பெரிதும் மாறாது. பிரெஞ்சுக் கடற்படை அந்த மதுவைக் கப்பலில் ஏற்றிச் சோதித்துப் பார்த்தது. நீண்ட பயணத்திலும் மது கெடவில்லை.

அடி மேல் அடி

புகழ் வந்தது. கூடவே துயரமும் வந்தது.

1859-ல் மூத்த மகள் ஜான், டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள். அவளுக்கு 9 வயது. 1865-ல் தந்தை காலமானார். அதே ஆண்டு 2 வயதுக் குழந்தை கமீல் இறந்தது. அடுத்த ஆண்டு 12 வயது செசிலையும் டைபாய்டு கொண்டுபோயிற்று.

ஏழு ஆண்டுகளில் மூன்று பெண் குழந்தைகளைப் பறிகொடுத்த தகப்பனின் மனம் எப்படி இருந்திருக்கும்! கிருமியைக் கண்டவருக்கு, தம் குழந்தைகளைக் காக்க வழி தெரியவில்லை.

1868-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பக்கவாதம் தாக்கியது. பிழைப்பாரா என்று எல்லோரும் அஞ்சினார்கள். படுத்த படுக்கையிலிருந்தே ஆராய்ச்சிக் குறிப்புகளைச் சொன்னார். பிழைத்தார். ஆனால் இடது பக்கம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

எஞ்சியிருந்த பிள்ளைகள் இரண்டே பேர். மகன் ஜான்-பாப்டிஸ்ட். மகள் மாரி-லூயி.

பனியில் தேடிய மகன்

1870 ஜூலையில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மன் நாடுகள் பிரஷ்யாவுடன் சேர்ந்துகொண்டன. செப்டம்பரில் சக்கரவர்த்தியே சிறைப்பட்டார். பாரிஸ் முற்றுகையிடப்பட்டது.

பாஸ்டர் ஆர்புவாவுக்கு வந்து சேர்ந்தார். ஒரே மகன் ராணுவத்தில் இருந்தான். வயது 19.

பாரிசில் குண்டு விழுகிறது, இயற்கைப் பொருட்காட்சி சாலைகூடத் தப்பவில்லை என்று செய்தி வந்தது. பாஸ்டருக்கு ஆத்திரம் பொங்கியது. ஜெர்மனியில் பான் நகரப் பல்கலைக்கழகம் 1868-ல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்திருந்தது. அந்தப் பட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்!

1871 ஜனவரி மாதம். கிழக்கே இருந்த பிரெஞ்சுப் படை தோற்றுப் பின்வாங்குவதாகத் தெரிந்தது. மகன் இருந்த படை அதுதான். அவனிடமிருந்து கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறானா, இல்லையா?

பாஸ்டர் பொறுத்திருக்கவில்லை. மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு பழைய வண்டியில் ஏறினார். கடும் பனி. உறைந்த பாதை. எதிரே கந்தல் உடையில், பசியால் வாடிய சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

மகனின் படைப்பிரிவைப் பற்றி ஒரு சிப்பாயிடம் விசாரித்தார்கள். அதில் இருந்த 1,200 பேரில் 300 பேர்தான் மிச்சம் என்று அவன் சொன்னான்.

அந்தத் தாயின் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்!

போன்டார்லியே என்ற ஊர் வரை தேடிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு கட்டை வண்டி வந்தது. அதில் ஒரு சிப்பாய், கம்பளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தான். அவன்தான் ஜான்-பாப்டிஸ்ட்! நோயால் மெலிந்திருந்தான். ஆனால் உயிர் இருந்தது. பெற்றோர் அவனைக் கட்டிக்கொண்டார்கள். யாருக்கும் பேச்சு வரவில்லை.

அதே மாதம் பாரிஸ் பணிந்தது. மே மாதம் உடன்படிக்கை எழுதப்பட்டது. அல்சாஸ் மாநிலம் ஜெர்மனிக்குப் போய்விட்டது. பாஸ்டர் மாலை மாற்றிய ஸ்டிராஸ்பர்க், அவர் குழந்தைகள் பிறந்த ஸ்டிராஸ்பர்க், இனி எதிரியின் ஊர்!

ஏன் பீர்?

பாஸ்டர் யோசித்தார். ஜெர்மனி எதில் சிறந்தது? பீரில் சிறந்தது. பிரெஞ்சுக்காரர்களே ஜெர்மன் பீரைத்தான் விரும்பினார்கள். அல்சாசும் பீருக்குப் பெயர் பெற்ற மண். அதுவும் கை நழுவிவிட்டது. ஜெர்மன் பீரைவிட நல்ல பீர் பிரான்சில் செய்தால், எதிரியின் வாணிபத்தில் அடி விழும் அல்லவா?

இத்தனைக்கும் பாஸ்டருக்குப் பீரில் பெரிய ருசி கிடையாது. அவருக்கு வேண்டியது குடி அல்ல, பழி!

பீர் எப்படிச் செய்கிறார்கள்? பார்லியை நனைத்து முளைகட்ட வைப்பார்கள். அதைக் காயவைத்து, இடித்து, வெந்நீரில் ஊற வைப்பார்கள். இனிப்பான சாறு இறங்கும். அதில் ஹாப் என்ற கொடியின் பூவைப் போட்டுக் காய்ச்சுவார்கள். கசப்பும் மணமும் சேரும். ஆற வைத்து ஈஸ்டைப் போடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். அந்த வாயுதான் புட்டியைத் திறந்ததும் நுரையாகப் பொங்குகிறது.

எளிய வேலைதான். ஆனால் பீர் எளிதில் கெடும். திராட்சை மதுவைவிடச் சாராயமும் புளிப்பும் அதில் குறைவு. ஆகவே வேண்டாத கிருமி சுலபமாகப் புகுந்துவிடும். புளிக்கும், கலங்கும், கூழாகும், நாற்றம் எடுக்கும். ஜெர்மானியர்கள் ஏராளமான பனிக்கட்டியைச் சேர்த்து வைத்து, குளிர்ச்சியான நிலவறைகளில் பீரை வைத்துக் காத்தார்கள். அதற்குச் செலவு அதிகம்.

வடித்த கஷாயம்

1871 வசந்த காலத்தில் பாஸ்டர் கிளெர்மோன் நகரத்துக்குப் போனார். அங்கே அவருடைய பழைய மாணவர் டுக்ளோ பேராசிரியராக இருந்தார். பக்கத்தில் ஷமலியேர் என்ற ஊரில் கூன் என்பவரின் சிறிய பீர் ஆலை இருந்தது. பாஸ்டர் அங்கே ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

தவறு எங்கே என்று சீக்கிரம் புரிந்துவிட்டது. பார்லிச் சாறு கொதிக்கும்போது கிருமிகள் செத்துவிடுகின்றன. அதன் பிறகுதான் வினை! அகன்ற தட்டுகளில் சாற்றைத் திறந்து வைத்து ஆற விடுகிறார்கள். காற்றுத் தூசி விழுகிறது. பிறகு போடும் ஈஸ்டிலும் வேண்டாத கிருமி கலந்திருக்கிறது. வடிகட்டிய கஷாயத்தை அழுக்குக் கிண்ணத்தில் ஊற்றுவது போலத்தான்!

பாஸ்டர் வழி சொன்னார். சாற்றை மூடிய பாத்திரத்தில் ஆற வைக்க வேண்டும். உள்ளே போகும் காற்று தூசியற்றதாக இருக்க வேண்டும். ஈஸ்ட் சுத்தமானதாக இருக்க வேண்டும். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகே போட வேண்டும்.

ஜூன் மாதம் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தப் பீருக்கு ஒரு பெயரும் வைத்தார். என்ன பெயர்? தேசியப் பழிவாங்கும் பீர்!

லண்டனில் ஒரு சொட்டு

அந்த ஆண்டு செப்டம்பரில் பாஸ்டர் லண்டனுக்குப் போனார். விட்பிரெட் என்பது அங்கே மிகப் பெரிய பீர் ஆலை. அதிகாரிகள் மரியாதையாக வரவேற்று ஆலையைச் சுற்றிக் காட்டினார்கள்.

பாஸ்டர் அவர்களுடைய ஈஸ்டில் ஒரு சொட்டு கேட்டார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அதில் வேண்டாத கிருமி இருக்கிறது, இந்த ஈஸ்டால் நஷ்டம் வந்திருக்குமே என்றார்.

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆலையின் கணக்கைப் பார்க்காமல், ஒரு சொட்டைப் பார்த்தே சொல்லிவிட்டாரே! கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். பீர் கெட்டது உண்மை. அன்று காலையில்தான் வேறு ஆலைக்குச் சொல்லி அனுப்பிப் புது ஈஸ்ட் கேட்டிருந்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் பாஸ்டர் மறுபடி அங்கே போனார். அதற்குள் அவர்கள் சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிவிட்டார்கள்! ஈஸ்டையும் மாற்றிவிட்டார்கள்.

பாரிசுக்குத் திரும்பிய பாஸ்டர், தம் ஆராய்ச்சிக் கூடத்திலேயே ஒரு குட்டிப் பீர் ஆலை அமைத்தார். ருசி பார்க்க நண்பர் பெர்த்தேன் வருவார். அவர் பீர்ப் பிரியர். விஞ்ஞானம் இருக்கட்டும், முதலில் நல்ல பீரைக் கொடு என்று கேலி செய்வார். பாஸ்டரும் சிரித்துக்கொள்வார்.

வெந்நீரில் குளித்த புட்டி

மூடிய பாத்திர முறைக்குப் புதிய கருவிகள் வேண்டும். எல்லா ஆலையும் அதை வாங்காது. அதற்கும் ஒரு வழி இருந்தது. திராட்சை மதுவுக்குச் செய்ததையே பீருக்கும் செய்தார்கள்.

பீரைப் புட்டியில் அடைத்துத் தக்கையை இறுக்கிக் கட்டினார்கள். புட்டிகளை வெந்நீரில் நிறுத்தி, 50 முதல் 55 டிகிரி வரை சூடு காட்டினார்கள். கிருமிகள் அடங்கின. சூடு காட்டாத புட்டிகள் கெட்டபோது, சூடு காட்டிய புட்டிகள் மாதக்கணக்கில் தாங்கின.

1876-ல் பாஸ்டர் தம் பீர் ஆராய்ச்சியை ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். நாட்டுக்கு வந்த துன்பம்தான் இந்த ஆராய்ச்சியைத் தூண்டியது என்று அதில் வெளிப்படையாக எழுதினார்.

பழி என்ன ஆயிற்று?

ஜெர்மன் பீர் வீழ்ந்ததா? இல்லை!

பாஸ்டரின் நூல் கடைக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எல்லா நாட்டாரும் படித்தார்கள். ஜெர்மானியர்களும் படித்தார்கள். சுத்தம், நல்ல ஈஸ்ட், மைக்ராஸ்கோப் இவை எல்லா ஆலைகளுக்கும் போயின.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். புட்டிப் பீரைச் சூடுகாட்டி, ரயிலில் ஏற்றி, வெயில் ஊர்களுக்கெல்லாம் அனுப்பிப் பெரும் பணம் சேர்த்தவர் அமெரிக்காவில் இருந்த அடால்பஸ் புஷ். 1870-களிலேயே அவர் இதைத் தொடங்கிவிட்டார். அவர் எந்த நாட்டில் பிறந்தவர்? ஜெர்மனியில்!

டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் ஆலையை நடத்தியவர் ஜேக்கப்சன். அவர் பாஸ்டரைத் தெய்வமாக மதித்தார். பீர் ஆராய்ச்சிக்கென்றே ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைத்தார். அங்கே பாஸ்டரின் மார்பளவுச் சிலையை வைத்தார். அந்தக் கூடத்தில் ஹன்சன் என்ற விஞ்ஞானி, 1883-ல் ஒரே ஓர் ஈஸ்ட் உயிரிலிருந்து கலப்பில்லாத ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். ஜேக்கப்சன் அந்த ஈஸ்டைப் பூட்டி வைக்கவில்லை. போட்டி ஆலைகளுக்கும் கொடுத்தார்.

பழி வாங்கப் புறப்பட்ட பீர், எல்லோருக்கும் வழிகாட்டியாகிவிட்டது!

பீரிலிருந்து மனிதனுக்கு

இதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு.

கெட்ட பீரை நோய் வந்த பீர் என்றே பாஸ்டர் சொல்வார். பீருக்கு நோய் தருவது கிருமி என்றால், மனிதனுக்கு நோய் தருவதும் கிருமியாக இருக்கலாம் அல்லவா? இந்த எண்ணம் அவரை விடவில்லை.

லிஸ்டர் என்ற ஆங்கிலேய டாக்டர், பாஸ்டரின் புளிப்பு ஆராய்ச்சியைப் படித்துவிட்டே, அறுவைப் புண்ணில் கிருமி சேராமல் மருந்து போடும் முறையைக் கண்டார். 1874-ல் பாஸ்டருக்கு நன்றி தெரிவித்துக் கடிதமும் எழுதினார். அறுவை செய்த பிறகு புண் அழுகி இறந்துகொண்டிருந்த நோயாளிகள் பிழைக்கத் தொடங்கினார்கள்.

பாஸ்டர் பீர்த் தொட்டியை விட்டு நோயாளிகள் பக்கம் திரும்பினார். 1881-ல் ஆடுமாடுகளின் அடைப்பான் நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டு, ஊரறியச் சோதித்து வெற்றி பெற்றார். அடுத்து வெறிநாய்க்கடி.

1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. ஒரு தாய், 9 வயது மகனைக் கூட்டிக்கொண்டு பாஸ்டரிடம் ஓடி வந்தாள். இரண்டு நாளுக்கு முன்பு வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்துக் குதறியிருந்தது. அந்த மருந்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். மனிதனுக்கு இன்னும் முறையாகச் சோதித்து முடிக்கவில்லை. கொடுத்தால் என்ன ஆகுமோ! கொடுக்காவிட்டால் சாவு வரலாம்.

பாஸ்டர் டாக்டர் அல்ல. ஆகவே டாக்டர்களைக் கலந்தார். அவர்கள் ஊசி போட்டார்கள். தொடர்ந்து 13 ஊசிகள். பாஸ்டருக்கு இரவில் தூக்கம் இல்லை. மூன்று பெண்களைப் பறிகொடுத்த தகப்பன் அல்லவா!

சிறுவன் பிழைத்தான். அவன் பெயர் ஜோசப் மைஸ்டர்.

அவன் எந்த ஊர்? அல்சாஸ்! பிரான்சு இழந்த மண். அன்று அது ஜெர்மன் ஆட்சியில் இருந்தது. எந்த மண்ணைப் பறிகொடுத்த கோபத்தில் பாஸ்டர் பீர் காய்ச்சினாரோ, அதே மண்ணிலிருந்து வந்த குழந்தை அவர் கையால் பிழைத்தது. பின்னாளில் அந்தச் சிறுவன், பாஸ்டர் பெயரில் அமைந்த நிலையத்திலேயே வாயிற்காவலராக வேலை பார்த்தான்.

ஆறாத புண்

பாஸ்டர் ஜெர்மனியை மன்னித்தாரா? இல்லை. 1895-ல் பிரஷ்ய அரசு அவருக்குப் பெரிய விருது தர விரும்பியது. அவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 24 ஆண்டு ஆகியும் பனியில் மகனைத் தேடிய அந்த நாட்கள் மறக்கவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி பாஸ்டர் காலமானார். வயது 72. பாரிசில் 1888-ல் திறக்கப்பட்ட பாஸ்டர் நிலையத்தின் நிலவறையில் அவர் உடல் வைக்கப்பட்டது.

அவர் மனத்தில் இருந்த புண் அவரோடு போயிற்று. அவர் கண்ட உண்மை உலகத்தோடு தங்கிவிட்டது. உண்மைக்கு எல்லைக்கோடு கிடையாது. அதை ஒருவனுக்கு மட்டும் கொடுத்து, இன்னொருவனுக்கு மறைக்க முடியாது.

இன்று நம் வீட்டில்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் வீட்டிலேயே பீர் செய்கிறார்கள். இங்கிலாந்தில் 1963 முதல் அதற்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-ல் சட்டம் இடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம்.

அந்த நாடுகளில் வீட்டுப் பீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைப்பவர்கள் ஏராளம். எடை குறைவு. கண்ணாடியைப் போல வெடித்துச் சிதறாது. பாட்டிலில் கொஞ்சம் சர்க்கரை போட்டு மூடிவிடுவார்கள். ஈஸ்ட் அதைத் தின்று வாயு உண்டாக்கும். பாட்டிலை விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். கல்லைப் போல இருந்தால் நுரை சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கொதிநீர் பட்டால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். ஆகவே கிருமி கொல்லும் மருந்து நீரால் பாட்டிலைக் கழுவுகிறார்கள். அவர்கள் படிக்கும் முதல் பாடம் சுத்தம். அது பாஸ்டர் சொல்லிக் கொடுத்த பாடம்.

பீரை விடுங்கள். காலையில் வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டைப் பாருங்கள். பாஸ்சுரைஸ்டு என்று அச்சிட்டிருக்கும். பாஸ்டர் முறையில் சூடுகாட்டிய பால் என்பது அதன் பொருள். பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி, 15 விநாடி வைத்து, உடனே குளிர வைக்கிறார்கள். பாலை இப்படிச் சூடுகாட்டலாம் என்று 1886-ல் யோசனை சொன்னவர் சாக்ஸ்லெட். அவர் பணிபுரிந்ததும் ஜெர்மனியில்தான்!

நீலகிரி மலையில் குன்னூருக்குப் போகிறவர்கள், சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே ஒரு பெரிய கட்டடத்தைப் பார்க்கலாம். வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை அளிப்பதற்காக 1907-ல் தொடங்கப்பட்டது. பின்னர் பலவகைத் தடுப்பு மருந்துகளையும் செய்து கொடுத்தது. தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தவரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்: பாஸ்டர் இன்ஸ்டிடியூட்.